ராயபுரத்துக் கோழி மார்க்

பினாங்கில் நான் லேபிள் வரைகிறவன். கைலி மடிப்பின்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு வண்ணக் காகிதம் ஒட்டியிருக்குமே, அதில் யானையோ புலியோ கடியாரமோ இருக்குமே, அது தானாக முளைப்பதில்லை. என்னைப் போல ஒருவன் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைகிறான். கைலி வாங்குகிற ஜனங்கள் எழுத்தைப் படிப்பதில்லை. "அந்த யானை மார்க்கை எடு" என்பார்கள். படம் போனால் வியாபாரம் போச்சு.

எங்கள் முதலாளி ராவுத்தருடையது மயில் மார்க். அந்த மயில் என் கைவேலை. லேபிள் பினாங்கில் அச்சாகி மெட்ராஸ் ராயபுரத்துக்குக் கப்பலில் போகும். அங்கே கைலியில் ஒட்டப்பட்டுத் திரும்பி வரும். யுத்தத்துக்கு முந்தி அது நீலமும் பச்சையுமாகத் தகதகவென்று இருந்தது. யுத்தத்துக்குப் பிறகு நீல மை கிடைக்கவில்லை. அச்சகத்துக்காரர் இருந்த செம்மண் நிற மையையே தலை முதல் வால் வரைக்கும் அடித்துத் தள்ளினார். எனக்கு வயிறு எரிந்தது. முதலாளி, "மயில் மயில்தானப்பா" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம், படத்தை ஏற்றி அச்சடிக்கிற அச்சுக்கல் விரிசல் விட்டது. எப்படியும் புதிதாக வரைந்தாக வேண்டும். மலேயாவுக்குச் சரக்கு வருவதிலும் ஆயிரம் கெடுபிடி. "இனிமே மெட்ராஸ்லயே விக்கப் போறேன்" என்றார் ராவுத்தர். "அந்த ஊர் ஜனங்க மனசுல ஒட்டுற மாதிரி ஒரு புது மார்க் போட்டுக் கொண்டா. ராயபுரத்துல நம்ம ஏஜெண்டு மஸ்தான் பாய் இருக்காரு, அவர்கிட்டே தங்கிக்க. நல்லா சுத்திப் பாரு. ஒண்ணும் தோணலேன்னா பரவாயில்லே, பம்பாய் அச்சகத்துல ரெடியா படம் விக்கிறாங்க. அதையே வாங்கிக்கிறேன்."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். பம்பாய்ப் படம் வந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

தமிழ் ஊருக்குத்தானே போகிறோம், பாஷைக் கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டு மெட்ராஸில் இறங்கினேன். துறைமுக வாசலில் ஒரு ரிக்‌ஷாக்காரர், "இன்னா சார், எங்க போவணும்? ராயபுரமா? குந்து" என்றார். 'குந்து' என்றால் உட்கார் என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருந்தேன். அவரே என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பினாங்கில் ரிக்‌ஷாவை மிதிப்பார்கள். இங்கே ஒரு மனிதர் இழுத்துக்கொண்டு ஓடுகிறார். எனக்கு அது கூச்சமாக இருந்தது, இறங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் கழன்று என்னை இறக்கிவிட்டது. மிச்ச தூரம் அவர் வண்டியைத் தூக்க, நான் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனேன். ஊருக்குள் என் வருகை அப்படி.

மஸ்தான் பாயின் கிடங்கு ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. பாய் கனத்த சரீரம், மெல்லிய குரல். மாடியில் எனக்கு ஒரு அறை. எதிரே கன்னியம்மா என்கிற அம்மாள் நடத்தும் சாப்பாட்டுக் கடை: ஒரு ஓலைக் கூரை, இரண்டு அடுப்பு, ஒரு பெஞ்சு. இட்லியும் நெத்திலி வறுவலும் கொடுத்தார். பினாங்கில் எங்கள் ஆட்கள் கறியின்மேலேயே குழம்பைக் கொட்டுவார்கள்; இங்கே குழம்பு தனியாக, மீன் தனியாக, காரம் மட்டும் இரண்டிலும் சேர்ந்து வருகிறது. கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டேன்.

"இன்னா நைனா, பினாங்குல சோறு துன்றாங்களா இல்லியா?" என்று கேட்டார் கன்னியம்மா.

"சாப்பிடறோம் அக்கா. இவ்வளவு காரம் இல்லை."

"இன்னாத்துக்கு இம்மாந் தொலவு வந்துகீற?"

"ஒரு படம் தேடி வந்திருக்கேன்."

"கொட்டாயில ஓடுது, போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு இலை போடப் போய்விட்டார்.

மறுநாள் பாயோடு வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவைச் சுற்றினேன். ஒரு மார்க் என்பது ஊரார் தினமும் பார்க்கிற பொருளாக இருக்க வேண்டும். பார்த்ததும் பெயர் வாயில் வர வேண்டும். ராயபுரம் துறைமுகத்து ஊர், ஆகவே நங்கூரம் என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன்.

"நங்கூரமா? சோப்புக்காரன் எடுத்துக்கினான்" என்றார் பாய்.

"கப்பல்?"

"தீப்பெட்டி."

"கட்டுமரம்?"

"மூக்குப்பொடி."

"மீன்?"

"நூல்கண்டு. அதுவும் ரெண்டு பேரு போட்டுகினு கோர்ட்டுல நிக்கிறானுங்க."

"சந்திரன்?"

"சந்திரன் ஊருக்கே பொதுன்னு நெனச்சியா தம்பி? ஊதுபத்தி."

"இந்த ஊரில் எதைத்தான் பாய் விட்டு வைத்திருக்கிறார்கள்?"

பாய் நிஜமாகவே யோசித்தார். "கொசு" என்றார்.

அவரைக் கடையில் விட்டுவிட்டு நான் மட்டும் டிராமில் திரும்பினேன். வழியெல்லாம் மனசுக்குள் படம் போட்டுக்கொண்டே வந்ததில் எதிர்த் திசையில் போகிற டிராமில் ஏறியிருந்தேன். நடுவில் வண்டியின் கம்பு மின்கம்பியிலிருந்து நழுவ, கண்டக்டர் கீழே இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்து, தூண்டில் போடுகிறவர் போல அதைத் திரும்பக் கம்பியில் மாட்டப் பார்த்தார். பயணிகள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பினாங்கிலும் டிராம் ஓடியிருக்கிறது, அங்கே யாரும் கண்டக்டருக்குப் பாடம் நடத்தியதில்லை. நான் அந்தக் கம்பை வரைந்து பார்த்தேன். காகிதத்தில் அது சாட்டை மாதிரி இருந்தது.

அதற்கடுத்த நாள் ஏதாவது ஒரு பாட்டிலிருந்து படம் கிடைக்குமா என்று பார்த்தேன். சில சமயம் ஒரு தாளம் காதில் விழுந்தால் கை தானாகக் கோடு போடும். கீழே கிடங்கு வாசலில் கைலிப் பொதிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தேசப்பன் என்கிற தலைமைக் கூலி பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" போட்டார்கள். அவருக்கு மரக்கட்டை போன்ற குரல். வரியை அங்கேயே கட்டிப் பாடுவாராம்.

"தூக்கு தூக்கு ஏலேலோ
கோழி வருது ஏலேலோ
வாலு நீண்ட ஏலேலோ
வறுக்க ஆவாது ஏலேலோ!"

எனக்குப் பாட்டு பிடித்துவிட்டது. கீழே இறங்கிப் போய், "எங்கே அண்ணே கோழி?" என்று கேட்டேன்.

தேசப்பன் தோளில் இருந்த பொதியைத் தட்டினார். "இதான் கோழி. கோழி மார்க்கு."

பொதிமேல் அடையாளத்துக்கு ஒட்டியிருந்தது என் மயில்.

அவர்கள் சொல்வது காதில் 'கோயி' என்றுதான் விழும், நான் கோழி என்றே எழுதுகிறேன். எப்படிச் சொன்னால் என்ன, மயில் இல்லை. மஸ்தான் பாயிடம் ஓடினேன். அவர் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமாம் தம்பி, இங்க எல்லாருக்கும் கோழிதான். ராவுத்தர் மனசு கஷ்டப்படுவாருன்னு நான் எழுதல" என்றார்.

விஷயம் இதுதான். நெசவில் நூல் அறுந்த, சாயம் தீற்றிய துண்டுகளைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு அவற்றை லேபிளோடு அப்படியே உள்ளூரில் மலிவாக விற்றுவிடுகிறார்கள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை எங்கும் கூலிக்காரர்களும் மீன்பிடிக்கிறவர்களும் அதைத்தான் கட்டுகிறார்கள். பினாங்குக்காரர்கள் நீல மயிலைப் பார்த்துப் பழகியவர்கள், அது சிவந்து போனாலும் மயில் என்றே சொல்வார்கள். இவர்கள் கண்டது செம்மண் நிறப் பறவை ஒன்றைத்தான். அப்படி ஒரு பறவை இவர்கள் வீட்டு வாசலில் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் கோபத்தில் எண்ணூருக்கு ரயில் ஏறினேன். அங்கே உப்பளமும் கழிமுகமும் இருக்கிறதாம், வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் போன இடமாம், கோழி இருக்காது என்று ஒரு நம்பிக்கை. ரயிலின் கரித்தூள் என் வெள்ளைச் சட்டையில் லேபிள் போட்டது. உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். அழகுதான், ஆனால் வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைக் குவியலை வரைந்தால் என்ன தெரியும்? அக்கரைக்குப் போனால் வரையப் படகுகள் கிடைக்கும் என்று ஒரு தோணியில் ஏறினேன். பாதி வழியில் நீர் வற்றி மணல்திட்டில் தோணி உட்கார்ந்துவிட்டது. கூடைக்காரிகள், ஒரு ஆட்டுக்குட்டி, நான், எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வரைய வைத்திருந்த காகிதம் தண்ணீரில் மிதந்து போனது.

தோணிக்காரர் இடுப்பில் புதுக் கைலி. இந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு: புதுக் கைலியின் லேபிளைக் கிழிக்க மாட்டார்கள். முன்பக்கம் தெரிகிற மாதிரி கட்டிக்கொண்டு முதல் துவையல் வரைக்கும் திரிவார்கள். துவைக்கும் முன்னால் அதைப் பதமாக உரித்து வீட்டுக் கதவிலோ டிரங்குப் பெட்டியிலோ ஒட்டிவிடுவார்கள். தோணிக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குமுன் கைலியை மார்புவரை சுருட்டிக்கொண்டார்.

"ஏன்யா இப்படி?" என்று ஒரு கூடைக்காரி சிரித்தாள்.

"கோழி நனையப் போவுது, போம்மே!" என்றார் அவர்.

அக்கரையில் மீனவர் குப்பத்தில் அலைந்தேன். கதவுக்குக் கதவு என் படம். ஒரு வீட்டில் மண்பானை மேல்கூட ஒட்டியிருந்தது. ஒரு சித்திரக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அத்தனை கதவிலும் இருந்தது நான் வரையாத பறவை. அவமானமா பெருமையா என்று தெரியாமல் கரையில் வறுத்த இறாலை வாங்கித் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். இறால் நன்றாக இருந்தது. அது ஒன்றில்தான் அன்றைக்குக் குழப்பமில்லை.

திரும்பி வருகிற ரயிலில் ஒரு எண்ணம் வந்தது. இந்த ஜனங்கள் கோழி கேட்கிறார்கள். கோழியைக் கொடுத்துவிட்டால் என்ன? புது மார்க், ஊர் மனசில் ஏற்கெனவே ஒட்டிய மார்க், எந்த சோப்புக்காரனும் எடுக்காத மார்க். நாலு நாளாக அலைந்தது எதற்கு? பதில் கன்னியம்மா கடை வாசலில் மேய்ந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் காலை முழுவதும் அவர் கோழியின் பின்னால் சுற்றி வரைந்தேன். அது என் சிவப்புச் சாயத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு முகம் சுளித்தது. ஆனாலும் கோழி அற்புதமாக வந்தது. கொண்டையில் ரத்தச் சிவப்பு, கழுத்தில் பொன், இறகு இறகாக எண்ணலாம். பாய் பார்த்துவிட்டு, "ஷோக்கா கீது தம்பி. கொத்திடும் போல" என்றார். என் வேலை தப்பித்தது என்று எண்ணி அன்று இரண்டு பங்கு மீன் சாப்பிட்டேன். கையாலேயே சில பிரதிகள் போட்டு, உள்ளூர் விற்பனைக்கு இருந்த கைலிகளில் ஒட்டி, சனிக்கிழமை கூலி வாங்கி வருகிறவர்களுக்காக வாசலில் அடுக்கினோம்.

முதலில் வந்தவர் தேசப்பன். கைலியை எடுத்தார், திருப்பினார், மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சத்தமாக, "பாய், நீயே டூப்பு வுட்டா எப்டி?" என்றார்.

கூட்டம் கூடிவிட்டது. கை கையாக என் கோழி போயிற்று. "இது கோழி மார்க்கே இல்ல" என்றார்கள். "எவனோ காப்பி அட்ச்சிகீறான்." பாய் முகம் வெளுத்துவிட்டது. கோழி மார்க் ஏஜெண்டு போலிச் சரக்கு விற்கிறான் என்று ஒரு சொல் வண்ணாரப்பேட்டைக்குப் போனால் அவர் கடையை மூட வேண்டியதுதான். அந்தப் பழியோடு நான் பினாங்குக்குத் திரும்பினால் ராவுத்தர் பம்பாய்க்குத் தந்தி கொடுத்துவிடுவார்.

கன்னியம்மா கரண்டியோடு வந்தார். அவர் கடையில் காசு போடுகிற மரப்பெட்டியில் பழைய லேபிள் ஒட்டியிருந்தது. பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"தோ பாரு நைனா. ஒரிஜினல் கோழிக்கு வாலு தரையத் தொடும். தலைல மூணு முள்ளு நிக்கும். இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய கொண்டை?"

"அக்கா, நிஜக் கோழிக்குக் கொண்டைதானே இருக்கும்! உங்கள் கோழியைப் பார்த்துத்தானே வரைந்தேன்!"

"நெசக் கோழி என் வூட்ல கீது. அத்த நான் ஏன் கைலில தேடறேன்?"

எனக்குத் தாங்கவில்லை. "அது கோழியே இல்லை அக்கா! மயில்! அதை வரைந்தவன் நான்!" என்று கத்தினேன்.

எல்லோரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் ரயில் பாதையில் நின்ற காக்கைகள் பறந்தன. தேசப்பன் என் தோளில் கை போட்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "மாமு, மயில் நீலமா இருக்கும்."

அவர் சொன்னது சரி.

மாடி அறையில் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தேன். மயிலைத் திருத்தி நீலமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். கோழியைக் கோழியாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். அவர்கள் கேட்பது மயிலாக ஆரம்பித்துக் கோழியாகக் கெட்டுப்போன ஒன்றை. அதற்கோ கல் விரிசல் விட்டுவிட்டது, திரும்ப வரைந்தாக வேண்டும். வரையக்கூடியவன் நான் ஒருவன்தான். ஆனால் இதைப் புது மார்க் என்று எப்படி முதலாளியிடம் நீட்டுவது? "இதுக்கா மெட்ராஸ் போனே?" என்று கேட்க மாட்டாரா? பாயிடம் போய், உள்ளதை உள்ளபடி ராவுத்தருக்குத் தந்தி கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று வாய் சொன்னது, கை மிச்சமிருந்த காசை எண்ணிப் பார்த்தது.

பதில் வருவதற்குள் வரைய உட்கார்ந்தேன். தப்பை அப்படியே வரைவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கை தானாகக் கழுத்தை நிமிர்த்தியது, தோகைக்குக் கண் வைத்தது. கடை வாசலில் உட்கார்ந்து வரைவேன், கன்னியம்மா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே எட்டிப் பார்ப்பார்.

"ஊஹும். கோழி இப்டி மொறைக்காது."

திரும்ப வரைவேன்.

"இது மாப்ள கணக்கா நிக்குது. கோழிக்கு ஒரு அடக்கம் வேணாம்?"

கிழித்துப் போட்ட காகிதங்களில் அவர் பஜ்ஜி மடித்துக் கொடுத்தார். கடைசியில், அலுத்துப்போய், அழகாக வர வேண்டும் என்கிற நினைப்பையே விட்டுவிட்டு, செம்மண் சாயத்தைத் தலை முதல் வால் வரை ஒரே பூச்சாகப் பூசி வைத்தேன். வரைந்ததிலேயே எனக்கு மிகவும் பிடிக்காத படம் அது. கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். மரப்பெட்டியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஆங்" என்றார். "இப்பதான் கோழி."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என் படத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். அந்த மூன்று சொல்லுக்கு எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ராவுத்தரின் தந்தி வந்தது. பாய் படித்துச் சொன்னார்: கோழியே இருக்கட்டும், பம்பாய்ப் படம் வேண்டாம், ஆளை அடுத்த கப்பலில் ஏற்றிவிடு, கல்லில் அவன் கையாலேயே ஏற்ற வேண்டும். பாய் என்னைக் கட்டிக்கொண்டார். தேசப்பன் என் பெட்டியைத் துறைமுகம் வரை தானே தலையில் சுமந்து வந்தார். வழியெல்லாம் அந்த 'வறுக்க ஆவாது' பாட்டுத்தான்.

சுங்கச் சாவடியில் ஒரு அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். வெளியூர்க்காரர் போலிருந்தது, கண்ணாடி, நெற்றியில் சந்தனம், திருத்தமான தமிழ். சட்டைகளுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, மயில்! நீங்கள் வரைந்ததா? நிறம்தான் கொஞ்சம் மாறிவிட்டது. ஆனால் மயிலேதான்."

தேசப்பன் பொதியைத் தட்டிக் காட்டிய நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஏங்கியவன் நான். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நானோ எட்டிப் படத்தைத்தான் பார்த்தேன். எங்கே தவறினேன்? கழுத்திலா? வாலிலா?

"இல்லை சார்" என்றேன். "கோழி."

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டாரோ என்னவோ, பெட்டியை மூடச் சொன்னார்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்த பிறகு, மேல்தட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்து படத்தை மறுபடி வெளியே எடுத்தேன். அவர் கண்ட மயிலை நானும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று வெகுநேரம் உற்றுப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் எனக்குக் கோழிதான் தெரிந்தது.